417-ஆம் எண் வளையம்

ஏலப் பட்டியலின் நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டியதும் வெர்னா கோவல்சக் அடுப்பிலிருந்த பீட்ரூட் சூப்பை மறந்துபோனாள். அது பொங்கி வழிந்து அடுப்பை நாசம் செய்த பிறகும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கம் முழுவதும் அவள் செய்த சிற்பத்தின் படம். மூன்று கனத்த இரும்புப் பலகைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இதோ விழப்போகிறோம் என்று மிரட்டிக்கொண்டே விழாமல் நிற்பவை. 'மூன்றாம் ஷிஃப்ட்' என்று அதற்குப் பெயர் வைத்து முப்பது வருடம் ஆகிறது. படத்தில் பலகைகள் மூன்றும் இருந்தன. உச்சியில் இருக்க வேண்டிய வளையம் இல்லை.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் உயரம், எடை, எதிர்பார்க்கும் விலை முப்பது முதல் நாற்பது லட்சம் டாலர் என்றெல்லாம் போட்டிருந்தது. கடைசி வரி: 'கையொப்பம் இல்லை.'

"இல்லையாம்," என்றாள் வெர்னா, ஆளில்லாத சமையலறையைப் பார்த்து. "அறுத்துப்புட்டு இல்லைன்னு எழுதுறாங்க."

எழுபத்தாறு வயதில் அவளுக்கு முட்டி வலிக்கும், ஊர்ப் பெயர்கள் மறக்கும். இரும்பு விஷயத்தில் மட்டும் ஒன்றும் மறக்காது. சிற்பியாவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஓஹையோவில், ஏரிக்கரை ஊரொன்றின் எஃகு ஆலையில் அவள் வெல்டர். அங்கே கிரேன் தூக்கும் சுமை எதுவானாலும் மேலே ஒரு வளையம் வேண்டும். வளையத்தை வெல்டிங் செய்தவர் தன் ஆலை எண்ணை அதில் உளியால் குத்த வேண்டும். சுமை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதோடும் விடமாட்டார்கள். முதல் தடவை சுமை ஒரு சாண் எழும்பும்போது, வளையம் வைத்தவர் தன் காலை அதன் அடியில் நீட்ட வேண்டும். விதிப் புத்தகத்தில் இல்லாத வழக்கம். மேலாளர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும். ஆனாலும் காலை நீட்டாதவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். வெர்னாவின் எண் 417.

ஆலை மூடியது. அவள் நியூயார்க் பக்கம் வந்து, கிங்ஸ்டனில் ஒரு பழைய பஸ் கொட்டகையைப் பிடித்து, சிற்பியானாள். செய்த நாற்பத்திரண்டு சிற்பங்களிலும் எடை சமனாகும் இடம் பார்த்து ஒரு வளையம் வைத்தாள்; அதில் 417 என்று குத்தினாள். வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அது ஏதோ கிடங்கு எண்ணாகத் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லித் திரியவில்லை. அது அவள் தப்பு என்று பின்னால் சிலர் சொன்னார்கள். முப்பது லட்சம் விலை போட்டவர்களுக்கு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியாதா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் நியூயார்க் போய் இறங்கினாள். அதற்கு அடுத்த நாள் பிற்பகல் ஏலம். ஆறாவது மாடியின் வெள்ளைக் கூடத்தில் சிற்பத்தைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவள் அதை இரண்டு முறை சுற்றி வருவதற்குள் சிற்பப் பிரிவின் தலைவி கோர்ட்னி ஹால்டேன் ஓடோடி வந்தாள். நாற்பது வயதிருக்கும், நல்ல உடை, நல்ல ஷூ, நல்ல சிரிப்பு.

"மிஸ் கோவல்சக், நீங்களே நேர்ல வந்தது எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

"வளையம் எங்கே?"

"எந்த வளையம்?"

வெர்னா குடையின் நுனியால் உச்சியைக் காட்டினாள். அங்கே துரு நிறத்தில் மெழுகு பூசி மழமழவென்று தேய்த்திருந்தார்கள்.

"ஓ, அதுவா. ஏத்தி இறக்குறதுக்கு வச்ச கொக்கிதானே? விக்கிறவரோட ஆலோசகருக்கு அது கண்ணை உறுத்திச்சு. எங்க பராமரிப்பு ஆளு எவ்வளவு நாசூக்கா எடுத்திருக்காரு பாருங்க, இருந்த இடமே தெரியலை."

"எனக்குத் தெரியுது. யார் சொல்லி அறுத்தாங்க?"

"நாங்க எல்லாரும் கலந்து பேசி எடுத்த முடிவு."

"எல்லாரும் எடுத்தா யாரும் எடுக்கலைன்னு அர்த்தம். உத்தரவுல கையெழுத்து யாரோடது?"

கோர்ட்னியின் சிரிப்பு பாதியாகக் குறைந்தது. "என்னோடதுதான்."

"நல்லது. உன் கையெழுத்தைப் போட்டு என் கையெழுத்தை அறுத்திருக்கே," என்றாள் வெர்னா. கோர்ட்னிக்கு அது விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் அவளுக்கு நேரமில்லை. வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார், போய்விட்டாள்.

சுவரோரமாக நீல ஏப்ரன் கட்டிய ஒரு மனிதர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டிஸ் ரென்ஃப்ரோ, அங்கே சிற்பங்களைத் தூக்கி நிறுத்தும் ஆட்களின் தலைவர். வெர்னாவைச் சரக்கு லிஃப்ட் பக்கம் கூட்டிப்போய், தன் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கனத்தைக் கை உணர்ந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தூக்கிப் போடச் சொன்னாங்க, மிஸ் வெர்னா. எனக்கு மனசு வரலை. இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன். உங்க சாமான் வருதுன்னாலே எங்க பசங்களுக்கு நிம்மதி. கொக்கியை மாட்டினா நேரா எழும்பும், ஒரு நூல் சாயாது. இங்க கொண்டுவந்து நிறுத்தினப்புறம்தான் அறுத்தாங்க. திரும்ப எப்படி இறக்கப் போறோம்னு ஒருத்தரும் யோசிக்கலை." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "417 யாரு?"

முப்பது வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். வெர்னா வளையத்தைத் துணியில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான்தான்," என்றாள். "பத்திரமா வச்சிருங்க. வேணுங்கறப்போ கேக்கறேன்."

அவளுடைய சிற்பங்களை விற்றுத் தரும் பிலிப் ஆன்ஸ்பாக்குக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. பக்கத்துத் தெரு உணவகத்தில் அவளை உட்காரவைத்து, அவள் கேட்காமலே மாட்டிறைச்சி வைத்த பஸ்ட்ராமி சாண்ட்விச் வரவழைத்தான். விஷயம் பெரிதாக இருந்தால்தான் அவன் சாப்பாடு வாங்கித் தருவான்.

"பேரை எடுத்துக்கப் போறியா, வெர்னா?"

யோசனை அதுதான். தான் செய்ததை ஒருவர் வெட்டிக் கெடுத்தால், 'இது என்னுடையதல்ல' என்று எழுதிக் கொடுத்துக் கைகழுவ அவளுக்கு உரிமை இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் ஏலக்காரர்கள் அதை அரங்கில் வாசிக்காமல் தப்ப முடியாது.

"ஒரே ஒரு நாள் பொறுத்துக்க," என்றான் பிலிப். "நாளைக்கு இது நல்ல விலைக்குப் போச்சுன்னா ஓஹையோ மியூசியத்துல கண்காட்சிக்குக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. உன் நாப்பத்திரண்டும் ஒரே கூரைக்குக் கீழ, உன் சொந்த ஊர்ப்பக்கத்துல. முப்பது வருஷம் இதுக்காக நாயா அலைஞ்சிருக்கேன்."

"நான் எழுதிக் குடுத்தா?"

"விலை விழும். இது மட்டுமில்ல, எல்லாமே விழும். விலை விழுந்த ஆளுக்கு அவங்க கதவைத் திறக்க மாட்டாங்க. உனக்கு இன்னொரு தடவை இது வராது. வயசைச் சொல்லிக் காட்டறேன்னு கோவிச்சுக்காதே."

வெர்னா கோபித்துக்கொள்ளவில்லை. ஆசையில்லை என்றால் அது பெரும் பொய். நாற்பத்திரண்டும் ஒன்றாக நிற்பதை அவளே பார்த்ததில்லை. ஆலையில் கூட வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருக்கும் நாலைந்து பேர் வந்து, சுற்றிப் பார்த்து, வெல்டிங்கில் குறை கண்டுபிடிப்பதைக்கூட அவள் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சாண்ட்விச்சைத் தட்டோடு தள்ளிவைத்தாள்.

"பிலிப், என் வளையத்துல எல்லாம் ஒரு நம்பர் குத்தியிருக்கும். அது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"ஸ்டாக் நம்பர்தானே?"

திட்டலாமா என்று யோசித்தாள். முப்பது வருடப் பழக்கம், விட்டுவிட்டாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சாண்ட்விச்சை நீயே சாப்பிடு. நான் போய் எழுதிக் குடுத்துட்டு வரேன்."

மறுநாள் பிற்பகல் அரங்கம் நிரம்பியிருந்தது. விற்பவர் பின்வாங்க மறுத்துவிட்டாராம். அறிவிப்பை வேகமாக வாசித்தால் யார் காதிலும் விழாது என்று எவரோ யோசனையும் சொன்னார்களாம். ஏல வரிசையில் இருபத்திரண்டாம் எண்ணான 'மூன்றாம் ஷிஃப்ட்' வந்தது. கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டிய, ஏலம் விடுபவர் ஒரு காகிதத்தை எடுத்து, மூச்சு விடாமல் கடகடவென்று முணுமுணுத்துவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்தார்.

மூன்றாவது வரிசையில் வெர்னா எழுந்து நின்றாள்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை நிதானமாப் படிங்க."

அவள் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிலருக்கு அவள் யாரென்று தெரிந்துவிட்டது. வெளியூர் வாடிக்கையாளர்களுக்காகத் தொலைபேசிகளோடு வரிசையாக நின்றவர்கள் மறுமுனைக்காரர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கவனித்தார்கள். ஏலம் விடுபவருக்கு வேறு வழியில்லை.

"'இதன் வளையத்தை என்னைக் கேட்காமல் அறுத்துவிட்டார்கள்,'" என்று வாசித்தார். "'இனி இந்தச் சுமைக்கு நான் பொறுப்பல்ல. என் பெயரை எடுத்துவிடவும். வெர்னா கோவல்சக்.'"

"நன்றி," என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள்.

ஏலம் விடுபவர் பதினைந்து லட்சத்தில் தொடங்கினார். பின்சுவரில் யாரோ கை தூக்கியதுபோல் பார்த்து ஒரு லட்சம் ஏற்றினார், இன்னொரு லட்சம் ஏற்றினார். குறைந்தபட்ச விலை வரும்வரை அப்படிச் சுவரோடு ஏலம் விடுவது அவர்கள் வழக்கம். சுவர் எத்தனை நேரம்தான் கேட்கும்? ஏலம் கேட்பவர்கள் தூக்கும் அட்டை ஒன்றுகூட மேலே எழவில்லை. தொலைபேசிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். நேற்று நாற்பது லட்சம் என்றிருந்தது, பெயர் போனதும் ஆயிரத்து முந்நூறு கிலோ இரும்பாகிவிட்டது. சுத்தியல் விழுந்தது, விற்கவில்லை.

வெளியே குளிர் காற்றில் நின்றபோது பிலிப் கூப்பிட்டான். மியூசியத்தார் மறுத்துவிட்டார்கள். அவன் குரல் உடைந்திருந்தது.

"எழுபத்தாறு வருஷம் அவங்க கண்காட்சி இல்லாமத்தான ஓடிச்சு," என்றாள் வெர்னா. "மிச்சமும் ஓடும்." போனை வைத்த பிறகு, பஸ் நிலையம் போகும் வழியெல்லாம் அழுதாள். செய்ததற்காக அழவில்லை. போனது போனதுதானே, அதற்குக்கூட அழக்கூடாதா?

ஐந்தாம் நாள் கோர்ட்னியிடமிருந்து அழைப்பு வந்தது. சிற்பத்தைக் கீழே இறக்க முடியவில்லை. பட்டை கட்டித் தூக்கினால் சாய்ந்த பலகையில் வழுக்குகிறது. அடுத்த ஏலத்துக்கு பிரெஞ்சு நாற்காலிகள் வந்து கீழே லாரியில் காத்திருக்கின்றன. ஓட்டிஸின் ஆட்களோ, விழுந்தால் தானே பொறுப்பு என்று கோர்ட்னி எழுதித் தந்தால்தான் தூக்குவோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அவள் எழுதித் தர மறுத்துவிட்டாள்.

"நீங்க வந்து வளையத்தை வச்சுக் குடுத்தா," என்று குழைந்தாள் கோர்ட்னி, "உங்க பேரையும் திரும்பப் போட்டுக்கலாம். எல்லாருக்கும் நல்லது."

"வரேன். வந்து பேசிக்கலாம்."

தீயணைப்புத் துறை அனுமதி, தரையெங்கும் நெருப்புப் போர்வை, இரண்டு காவலர்கள் என்று அந்த வெள்ளைக் கூடம் பட்டறையானது. வெர்னா ஏணியில் ஏறினாள். முட்டி கெஞ்சியது, அவள் கேட்கவில்லை. மெழுகைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஓட்டிஸ் கொடுத்த பழைய வளையத்தைப் பழைய இடத்திலேயே வைத்து வெல்டிங் செய்தாள். தழும்பைத் தேய்த்து மறைக்கவில்லை. அறுத்த இடம் குருடனுக்கும் தெரியட்டும் என்று கரடுமுரடாக விட்டாள். சூடு ஆறும்வரை ஏணியடியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். பிறகு ஏறி உளியை எடுத்து, தேய்ந்திருந்த எண்ணின்மேல் மறுபடி குத்தினாள்: நாலு, ஒன்று, ஏழு.

ஓட்டிஸ் தூக்கும் கப்பியின் கொக்கியை மாட்டிச் சங்கிலியை இழுத்தார். மூன்று பலகைகளும் ஒரு நூல் சாயாமல் ஒரு சாண் எழும்பி நின்றன. கோர்ட்னி நிம்மதியாக மூச்சுவிட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் வெர்னா தன் வலது காலை அதன் அடியில் நீட்டினாள்.

"என்ன பண்றீங்க? காலை எடுங்க, மிஸ் கோவல்சக்."

"பேரைத் திரும்பக் குடுக்கறேன். எங்க ஆலையில இப்படித்தான் குடுப்போம்."

"சரி, குடுத்துட்டீங்க. தயவுசெஞ்சு காலை எடுங்க."

"நான் குடுத்துட்டேன். நீ இன்னும் குடுக்கலையே. எழுதும்மா. 'கையொப்பம் இல்லை'ன்னு போட்டது தப்பு, கையொப்பம் 417. அதை அறுத்தது யாரு, எப்போ, யாரைக் கேக்காம. அடுத்த பட்டியல்ல அதே நாப்பத்தோராம் பக்கத்துல போடு."

"நான் வக்கீல்கிட்ட பேசிட்டு—"

"பேசு. நான் இங்கதான் இருக்கேன்."

கோர்ட்னி திரும்பி ஓட்டிஸைப் பார்த்தாள். அவர் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, மேடம்," என்றார். "கைதான் கொஞ்சம் வேர்க்குது."

கோர்ட்னி பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். முதலில் 'வளையம் முன்னர் நீக்கப்பட்டிருந்தது' என்று எழுதி நீட்டினாள். வெர்னா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"யாருன்னு எழுது. ஊர் பேர் தெரியாத எவனோ அறுத்த மாதிரி எழுதாதே."

மறுபடி எழுதினாள், இந்தமுறை தன் முழுப் பெயரோடு, தேதியோடு. கீழே கையெழுத்தும் போட்டாள். அவசரத்தில் அது கோணலாக விழுந்தது.

வெர்னா காகிதத்தை வாங்கினாள். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள், அங்கே இல்லை. கோட்டில் தேடினாள், கிடைத்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள். கால் அங்கேயேதான் இருந்தது.