கழுவிய கூடு

கையுறையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டு எலிக்கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான் செல்வமணி. மனைவி ஷிஜா இன்று மத்தியானம் வருகிறாள். அதற்குள் கூண்டு பளபளவென்று இருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பாறசாலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "கூட்டுல கை வய்க்காண்டாம் கேட்டோ, சேட்டா. பொன்னு பெத்து கெடக்கா. தண்ணியும் தீனியும் மட்டும் போட்டா மதி."

கை வைக்கக் கூடாது என்றால் வெறுங்கை வைக்கக் கூடாது என்றுதான் செல்வமணி எடுத்துக்கொண்டான். பச்சைக் குஞ்சுகள். கிருமி தொற்றிவிடும். அதற்குத்தானே கையுறை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அவன்தான் சூப்பர்வைசர். வள்ளியூரிலிருந்து வந்து வாளியும் துடைப்பமுமாக ஆரம்பித்து, இன்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவன் சொல்லித் தருகிற முதல் பாடம் இதுதான்: ஒருத்தர் காலி பண்ணிப் போன அறையில், அவர் இருந்த வாசனைகூட அடுத்து வருகிறவருக்குத் தெரியக் கூடாது.

பொன்னு வெள்ளைச் சுண்டெலி. சாலைக் கடைத்தெருவில் திரைச்சீலைத் துணி எடுக்கப் போன ஷிஜா, துணிக்குப் பதில் கூண்டோடு வந்து நின்றாள். அப்போதே அது சினையாக இருந்தது கடைக்காரனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, இவர்களுக்குத் தெரியாது. வீடெல்லாம் ஒரு புளிச்ச நெடி. "ஏட்டி, ஊருல எலிய அடிக்கதுக்குக் காசு குடுப்பாவ. நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்து நாறடிக்க" என்று அவன் ஒருநாள் சொன்னதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. சென்ற வருஷத்திலிருந்து அவள் அப்படித்தான். சாப்பாடு ஆச்சா, கரண்டு பில் கட்டியாச்சா, அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பொன்னு குட்டி போட்ட அன்று காலையில் அடுக்களையிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இந்தச் சனியன் பிடித்த எலிக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

ஷிஜாவின் பழைய நைட்டித் துண்டைக் குடைந்து பொன்னு கட்டியிருந்த கூட்டுக்குள் குஞ்சுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. இளஞ்சிவப்பு. கண் திறக்கவில்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் குடித்த பால் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கரண்டியில் ஏந்திப் பஞ்சின் மேல் வைத்தான். பொன்னுவை ஒரு வாளியில் விட்டான். மரத்தூளையும் தாள் கிழிசலையும் புறவாசலில் கறிவேப்பிலைச் செடியின் அடிமூட்டில் கொட்டினான். கூண்டை ஃபினைல் ஊற்றித் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தான். நைட்டித் துண்டைப் பிளீச்சிங் போட்டுத் துவைத்துக் கொடியில் விரித்தான். லாட்ஜில் கழித்த விரிப்பிலிருந்து வெள்ளைத் துணி வெட்டி நாலு மடிப்பாக மடித்துப் போட்டு, அதன் மேல் குஞ்சுகளை வரிசையாகப் படுக்க வைத்தான்.

திரும்ப விட்டதும் பொன்னு கூண்டு முழுக்க ஓடியது. மூலை மூலையாக மோந்தது. குஞ்சுகளின் மேலேயே ஏறிக் கடந்து போய் எதிர் மூலையில் மூக்கை உயர்த்தி நின்றது. புது வீடு பிடித்துப்போயிற்று, சுற்றிப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு, சீருடையை மாட்டி வேலைக்குக் கிளம்பினான் செல்வமணி.

மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் ஷிஜாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான்.

"பொன்னு எப்படி இருக்கா?"

"வந்து பாரு. ஒனக்கு ஒரு சங்கதி வச்சிருக்கேன்."

"என்னது, மாப்பிள்ளை பாத்து கெட்டி வச்சாச்சா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். மேட்டில் வண்டி குலுங்கியபோது அவள் கை அவன் தோளைப் பிடித்தது. பள்ளம் தாண்டிய பிறகும் அதை எடுக்கவில்லை. வீடு இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

உள்ளே வந்ததும் கூண்டின் முன் குனிந்தவள் அசையாமல் நின்றாள். வெள்ளைத் துணியில் வரிசை கலைந்திருந்தது. சில குஞ்சுகளைக் காணவே இல்லை. துணி ஓரத்தில் சின்னதாக ஒரு ரத்தக் கறை. மற்றவை ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தன. எதன் வயிற்றிலும் அந்த வெள்ளைப் பொட்டு இல்லை. பொன்னு எதிர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

"நான் கை வைக்கல, ஷிஜா. கிளவுஸ் போட்டுத்தான்... கரண்டியிலதான் எடுத்தேன்."

அவள் கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நல்ல விருத்தியா இருக்கு."

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். சென்ற வருஷம் அவர்களுடைய பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்து இரண்டே நாள் இருந்துவிட்டுப் போன பிறகு, வீட்டுக்கு வந்த ஷிஜா அறை வாசலில் நின்றுகொண்டு இதையேதான் சொன்னாள். அவள் பார்த்து உடைந்துவிடக் கூடாது என்று, அவள் வருமுன் தொட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்து, தரையைக் கழுவி, ஆஸ்பத்திரியிலிருந்து பையில் வந்த துணிகளையெல்லாம் அவன் துவைத்துப் போட்டிருந்தான். விருத்தி என்றால் இந்த ஊர் மலையாளத்தில் சுத்தம். தன்னைப் பாராட்டுகிறாள் என்றே அன்று நினைத்தான்.

"அதுக்குக் கண்ணு செரியா தெரியாது, சேட்டா. மணம் வச்சுத்தான் பிள்ளையளத் தேடும். நானும் அண்ணைக்கி அலமாரியத் தொறந்து தேடுனேன். அவளப் பொதிஞ்ச துணி ஒண்ணாவது கிட்டுமான்னு. எல்லாம் சோப்பு மணம்."

ஒரு வருஷமாக அவளைத் தான் சமாதானம் செய்யப் பார்த்தது, எதனால் புண்பட்டாள் என்றே தெரியாமல்தானா?

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா, ஷிஜா?"

"நீங்க அண்ணைக்கி கையெல்லாம் வெந்து நின்னீங்க, அந்த பிளீச்சிங்ல. உங்ககிட்ட என்னத்தச் சொல்ல."

அவள் கூண்டைத் திறந்து ஒவ்வொரு குஞ்சாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியாக ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடி, வாயருகில் கொண்டுபோய் ஊதினாள்.

"இதுல கொஞ்சம் சூடு உண்டு. பழைய துணி எங்க?"

அவன் சன்னலைப் பார்த்தான். மழையில் நனைந்த நைட்டித் துண்டு கொடியில் வெள்ளை வெளேரென்று தொங்கியது.

"பழைய தூளு? தாளு? எதாவது?"

செல்வமணி புறவாசலுக்கு ஓடினான். கறிவேப்பிலை மூட்டில் மழைத்தண்ணீர் தேங்கி, மரத்தூள் பாதி சேற்றோடு கரைந்து போயிருந்தது. சீருடையோடு அப்படியே முழங்காலிட்டான். வெறுங்கையால் மேல்சேற்றை வழித்துவிட்டு, அடியில் நனையாமல் ஏதாவது இருக்கிறதா என்று தோண்டினான். ஒரு பிடி எடுத்து மூக்கில் வைத்தான். மண் மணந்தது. அதைப் போட்டுவிட்டு இன்னொரு பிடி எடுத்தான். அதிலும் மண். பின்வாசல் படியில் ஷிஜா, மூடிய கைகளுக்குள் ஊதிக்கொண்டே காத்து நின்றாள். அவன் கண்களை மூடிக்கொண்டு, இத்தனை நாள் குமட்டிய அந்தப் புளிச்ச நெடிக்காக, அடுத்த பிடியை முகத்தோடு சேர்த்து அழுத்தி, ஆழ மூச்சிழுத்தான்.