திறக்காத வால்வு

சனிக்கிழமை விடியற்காலையில், தன்னைவிட உயரமான கரியமிலவாயு சிலிண்டரை விளிம்பில் சாய்த்து, தோளோடு அணைத்து, ஆய்வகத் தாழ்வாரம் முழுக்க உருட்டி வந்தான் அவன். உடம்பும் வேலையும் ஒத்துப்போனதால் அங்கே எல்லோருக்கும் அவன் ‘சிலிண்டர்’. காலியானதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். உள்ளங்கைத் தோல் உரிய நட்டை இறுக்கினான். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தான். ஒரு குமிழி வரவேண்டுமே! தன் கைத்திறனைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வால்வைத் திறக்கவில்லை. அப்புறம் குமிழி எங்கிருந்து வரும்?

திங்கட்கிழமை, செல்களுக்குத் தீனி போடுகிற அக்கா வளர்ப்புப் பெட்டியைத் திறந்து, “ஐயோ” என்றாள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஊட்டத் திரவம் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. வைரஸின் ஒரே ஒரு மரபணுவை விலங்குச் செல்லுக்குள் செலுத்தி, அந்தச் செல்லையே தடுப்பூசிக்கான புரதத்தைத் தயாரிக்க வைக்கிற வேலை. பெட்டிக்குள் வாயு போகாததால் திரவம் கெட்டு, செல்கள் உதிர்ந்து மிதந்தன. எச்சரிக்க வேண்டிய அலாரம் அவற்றுக்கு முன்பே செத்துப்போயிருந்தது.

டைரக்டர் வந்தார்.

“மாட்டினது யாரு? சாயங்காலத்துக்குள்ள பேர் வரணும். இல்லேன்னா இந்த ரூம்ல எல்லாருக்கும் கான்ட்ராக்ட் முடிஞ்சுது.”

“முன்னாடி ஒருத்தர் மாட்டுவாங்க, ஒருத்தர் சரிபார்ப்பாங்க சார்,” என்றாள் அக்கா. “சரிபார்க்கிறவரை நீங்கதானே வீட்டுக்கு அனுப்பினீங்க?”

“பேச்சை மாத்தாதீங்கம்மா. இது தடுப்பூசி. உயிர் சம்பந்தப்பட்டது.”

“எங்ககிட்டயும் அதுதான் சார் இருக்கு.”

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

சிலிண்டர் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். அவன் நிரந்தர ஊழியன் என்று உலகத்தில் நம்புகிற ஒரே ஜீவன் மாமியார். அந்த நம்பிக்கையும் போகப்போகிறது. இருந்தாலும் தான் வாய் திறக்காததால் இத்தனை பேர் அடுப்பு அணைவதா?

“நான் போய்ச் சொல்லிட்டா உங்க வேலை தப்பிக்குமாண்ணே?” என்று குடுவை கழுவுகிறவரைக் கேட்டான்.

“நீ முதல்ல சாப்பிடு,” என்றார் அவர்.

மேற்பார்வையாளரைக் கேட்டான். “மேல என்ன நினைக்கிறாங்களோ,” என்று கூரையைப் பார்த்தார். கூரையில் விசிறிதான் இருந்தது.

சாயங்காலம் டைரக்டர் அறை வாசலில், வேலையை நிறுத்திவிட்டு, கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் போனில் புது ஆள் கேட்பது வாயசைவிலேயே தெரிந்தது. சிலிண்டர் கதவை நோக்கி நடந்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுக்கா. என்னைத் தூக்கினா உங்களை விட்டுடுவாரு.”

“யார் சொன்னா?”

“அப்போ நீயாவது நேரா சொல்லு. நான் போய்ச் சொன்னா நீங்க பிழைப்பீங்களா? இங்க உட்கார்ந்தா ஜெயிப்போமா?”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, அவன் அகலத்துக்கு ஏற்ப இடம் விட்டாள்.

“பிழைக்க மாட்டோம். இன்னைக்கு நீ, நாளைக்கு நான். உட்கார்ந்தாலும் ஜெயிக்க மாட்டோம்னுதான் தோணுது. ஆனா உன் பேரை இங்க ஒருத்தரும் சொல்லப் போறதில்ல. உட்காருடா.”