அழுகையைத் துடைத்த சம்மதம்

திரையில் கதாநாயகிகள் வாயை மட்டும்தான் அசைத்தார்கள், சத்தம் இவளுடையது. வருடக்கணக்காக ஒரே டப்பிங் ஸ்டுடியோவில் நின்று தொண்டை கிழிய அழுதாள், பேய் பிடித்து ஆடினாள், பிரசவ வலியில்கூடக் கத்தினாள். அப்படிப்பட்டவளை ஸ்டுடியோ முதலாளி ஒரு மத்தியானம் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் வெளியே அனுப்பினார்.

“இனிமே உன் குரல் போதும்மா. ஆள் வேண்டாம்.”

அவளுடைய பழைய பதிவுகளை அள்ளிக்கொண்டு போய், கணினிக் குரல் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கொடுத்திருந்தார் மனுஷன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி எந்த வசனத்தைத் தட்டினாலும் அது அவள் குரலில் பேசும். இருமாது, லீவு கேட்காது.

வீட்டுக்கு வந்து அழப்போகிறாள் என்று காத்திருந்த கணவருக்கு வேறு செய்தி கிடைத்தது.

“அந்தக் கம்பெனியிலயே வேலைக்குச் சேரப் போறேன்.”

“அங்க போய் என்ன பண்ணுவ? ஒத்த விரலால டைப் அடிக்கிற ஆளு நீ!”

“மத்த விரலையும் பழக்கிக்கறேன்.”

பழக்கிக்கொண்டாள். கோடிங் வகுப்பில் பாதி வயதுப் பிள்ளைகள் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வயதில் என்ன ஆர்வம் என்று வாத்தியார் மெச்சினார். ஆர்வமாவது மண்ணாவது! அது சுத்தமான வன்மம். அலுப்பு தட்டும்போதெல்லாம் முதலாளியின் முகத்தை நினைத்துக்கொள்வாள்; பாடம் தானாக மண்டையில் ஏறும்.

நேர்முகத் தேர்வுக்குக் கரகரப்பான குரலில் போனாள். கிழவி முதல் கைக்குழந்தை வரை பேசியவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? விற்கப்படும் குரல்களின் தரத்தைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. கரகரப்போடே போய் வந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. குரலுக்குச் சொந்தக்காரர் தன் வாயாலேயே சம்மதம் சொல்லிப் பதிவு செய்து தர வேண்டும். தன் குரலுக்கான பதிவைத் தேடித் திறந்து, ஹெட்போனை மாட்டினாள்.

“நான் முழு மனசோட சம்மதிக்கிறேன்.”

சத்தியமாக அவள் குரல்தான். இப்படி எப்போது சொன்னோம்? திரும்பத் திரும்பக் கேட்டாள். வார்த்தைகளுக்கு நடுவே மூச்சே இல்லை. முதலாளிக்கு மூச்சுச் சத்தம் என்றால் ஆகாது. பதிவில் எங்கே கேட்டாலும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கை சும்மா இருக்குமா? திருட்டு வேலையிலும் சுத்தம் பார்த்திருந்தார்.

அப்புறம்தான் நினைவு வந்தது. ஒரு படம். அப்பாவின் கழுத்தில் வில்லன் கத்தியை வைக்கிறான். கதாநாயகி விம்மி விம்மிக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்கிறாள். அந்த விம்மலைத்தான் துடைத்திருந்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளி சில நாளில் ஊரையே அழைத்து ஒரு விழா வைக்கவிருந்தார். பெரிய திரையில் படம் ஓட, பார்ப்பவர்கள் எழுதிக் கொடுக்கும் வசனத்தை அங்கேயே அவள் குரலில் பேசவைப்பதாக ஏற்பாடு. விழா நாள் காலையில் மேலாளரிடம் போய், படக்காட்சியையும் சம்மதத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள்.

மேலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. “இது யாரோட குரல்?”

“என்னோடது,” என்றாள், கரகரப்பை விட்டுவிட்டு. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“மேடம், முறைப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். நம்மகிட்ட அதிகம் ஓடறதே இந்தக் குரல்தான்.”

“அழிச்சிடுங்க.”

“அழிச்சா திரும்ப வராது. இருக்கற எடத்துல எல்லாம் நின்னுடும்.”

“அதுக்குத்தானே வந்தேன்.”

மேலாளர் அனுமதி கொடுத்தார். பொத்தானை அவளே அமுக்கினாள். விழா முடியும் வரை கம்பெனியின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளைத் தானே எடுப்பதாகச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எதிர்பார்த்த எண்ணும் வந்தது. பின்னணியில் ஒரு மண்டபமே சலசலத்துக்கொண்டிருந்தது.

“வணக்கம் சார், சொல்லுங்க,” என்றாள் கதாநாயகிக் குரலில்.

“அப்பாடா!” முதலாளி யாரிடமோ கத்தினார். “குரல் வந்துடுச்சு, வந்துடுச்சு! எல்லாரும் உக்காருங்க!” பிறகு போனில் அதட்டினார். “ஏ மெஷினு, இங்க படத்துல ஒரு சத்தமும் வரல. மனுஷங்க யார்கிட்டயாவது லைனைக் குடு.”

அவள் போனை வாயருகே கொண்டுபோய், அவர் காலமெல்லாம் வெட்டி எறிந்த அந்த மூச்சை, நன்றாகக் கேட்கும்படி இழுத்துவிட்டாள்.

அந்த மூச்சை அவருக்குத் தெரியாதா?

“நீயா?”

“நான்தான் சார். ஆள் இருக்கேன். குரல்தான் இனிமே உங்களுக்குக் கிடைக்காது.”