குப்பை என்கிற கிளிமீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம் ஐப்பசி ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இறங்கிய மஞ்சுக்குள் கடல் மீன்கள் நீந்தி வந்தன. பனிமூட்டத்தை அங்கே மஞ்சு என்றுதான் சொல்வார்கள். அன்றைக்குக் காய் எடுக்கப் போயிருந்த முப்பத்தோரு பேரும் பார்த்தார்கள். இடுப்பு உயரத்தில், ஏலச்செடிகளுக்கு நடுவே, வாலை ஆட்டிக்கொண்டு சாவகாசமாகப் போயின. பச்சையும் நீலமும் ரோஸும் தீட்டிய, கிளிக்கு இருப்பது போல மூக்கு வைத்த மீன்கள். அந்த மூக்கால் பாறையைக் கறுக் கறுக்கென்று கொறித்தன. கொறித்ததைப் பின்பக்கம் வெள்ளை மணலாக விட்டன. மத்தியானம் வெயில் வந்து மஞ்சு கலைந்ததும் மீன்களைக் காணோம், மணல் மட்டும் இலைகளின் மேல் கிடந்தது. கடல் எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் பஸ் பயணம். மறுநாள் இரண்டு மீன்களைத் துண்டால் போத்திப் பிடித்து எண்ணெயில் போட்டுப் பார்த்தார்கள். சட்டியில் ஒரு கை தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் மிஞ்சின. தின்ன உதவாத மீனை யார் மதிப்பார்கள்? அடுத்த வாரமே ஆட்கள் அவற்றைக் கையால் விலக்கிவிட்டுக் காய் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலுத்தாய்க்கு அந்தத் தோட்டத்து ஸ்டோரில் சோலி. உலர்ந்து வரும் ஏலக்காயைப் பொறுக்கி ரகம் பிரிக்கிறவள். மற்றவர்கள் சல்லடையில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கும்போது இவள் வெறுங்கண்ணாலேயே ரகம் ரகமாகத் தள்ளிவிடுவாள். வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரல் நுனியால் ஓரமாகத் தட்டி, “குப்பை” என்பாள். ஸ்டோரில் கழிவுக்கு அதுதான் பெயர். அவள் வயிறும் அப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தது என்று வாய்த்துடுக்கானவர்கள் சொன்னதுண்டு. அறுபத்தாறில் பிறந்த முதல் பெண்ணுக்குப் பதினாறாம் நாள் பொன்னுமணி என்று பெயர் வைத்தாள். இழுப்பு கண்டு, மஞ்சளைச் சுட்டு நெற்றியில் சூடு போட்டும் நிற்காமல், நாற்பதாம் நாள் போய்விட்டது. அடுத்தது பெயர் வைக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை. எழுபதில் மூன்றாவது பெண் பிறந்ததும், ஊர் வழக்கப்படி குழந்தையை ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து போய் அதை எடுத்து, ஒரு படி தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி, வேலுத்தாயிடமே வளர்க்கக் கொடுத்தாள். குப்பை என்றே பெயர். இப்படிப்பட்ட பெயரோடு இருப்பதை எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். ஆனால் பால் கொடுக்கும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, வேலுத்தாய் அதன் காதில் பொன்னுமணி என்று கூப்பிட்டுக்கொள்வாள். அந்தப் பெயரை விட அவளுக்கு மனசு வரவில்லை. எழுபத்தைந்து ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்து, குப்பையைப் பதிவேட்டில் எழுத மாட்டேன் எனச் சொல்லிவிட்டு, சந்திரவல்லி என்று எழுதினார். இப்படி ஐந்து வயசிலேயே ஒரு பெண்ணுக்கு மூன்று பெயர்.

அந்த வருஷ ஐப்பசியில் மீன்களை வகைப்படுத்தக் கடற்கரையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர் சவரிமுத்து. ஊர் அவரை மீன் சார் என்றது. நல்ல மனுஷன், வெற்றிலை குதப்பிக்கொண்டே பேசுகிறவர்களிடம்கூட மரியாதையாகப் பேசுவார். வலை போட்டுப் பிடித்த மீன்களை ஸ்டோரில் ஈரச்சாக்கு விரித்துப் பரப்பினார். மஞ்சு இருக்கும்வரைதான் மீன் இருக்கும், அதற்குள் பிரிக்க வேண்டும். தோட்டமே வேலுத்தாயைக் கைகாட்டியது. அவள் சாக்கின் முன் குந்தி உட்கார்ந்து, பல் எப்படி, செதில் எப்படி, கன்னத்துக் கோடு எப்படி என்று பார்த்து ஏலக்காயைப் போலவே தள்ள ஆரம்பித்தாள். மீன் சார் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக்கொண்டே தன் சட்டத்தைச் சொன்னார்.

“ஒரு மீனுக்கு ரெண்டு பேர் விழுந்துட்டா, முதல்ல வச்ச பேர்தான் நிக்கும். ஒரே பேர் ரெண்டு மீனுக்கு இருந்தா, முதல்ல வாங்கின மீனுக்குத்தான் அது சொந்தம். கோடு போட்டு அடிச்ச பேரைத் திரும்ப யாருக்கும் வைக்கக் கூடாது. இந்த மஞ்சுக்குள்ள இருக்கிற எதுக்கும் இதுதான் சட்டம்.”

“நல்ல சட்டந்தேன் சார்” என்றாள் வேலுத்தாய். அப்போது அவள் கையில் பழுப்பு நிறத்தில், களையே இல்லாமல், சின்னதாக ஒரு மீன் வந்தது. பழக்கதோஷத்தில் அதை ஓரமாகத் தட்டி, “குப்பை” என்றாள். கடற்கரையில் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஊர்ப்பெயர் உண்டு. அதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்து மீன் சார் நோட்டில் அழகாகக் குப்பை என்று எழுதி, கீழே கோடும் போட்டார். அன்று சாயந்தரம் வேலுத்தாய் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்று மிளகுக் கஷாயம் குடித்தாள். மற்ற வார்த்தையெல்லாம் வந்தது, மகளைக் கூப்பிடும்போது அது மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இனி அந்தப் பெயர் எதற்கு என்று சந்திரவல்லி என்றே கூப்பிட்டுப் பழகினாள்.

விஷயம் என்னவென்று ஊருக்குத் தெரிந்தது கங்காணி மலைச்சாமியால். பேர் நிலைக்கட்டும் என்று ஆசைப்பட்டு, நெற்றி புடைத்த பெரிய மீன் ஒன்றுக்குத் தன் பெயரை வைக்கும்படி அவரே கேட்டு வாங்கினார். மூன்றாம் நாள் காலை, ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் அவர் பெயர் இருந்த வரி வெறுமையாகக் கிடந்தது. அவர் அம்மா முனியாயி கஞ்சி குடிக்கக் கூப்பிட வாயைத் திறந்தாள், பெயர் எழவில்லை. அதே நேரம் மஞ்சுக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “இந்தா வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். தடி மட்டும் கிடைத்தது, அதைச் சுற்றி வெள்ளை மணல். முனியாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெயர் சொல்லி அழ முடியாததுதான் அவளுக்குப் பெரிய துக்கம். மீன் சார் இதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அன்று முதல் புதுப்பெயர் எழுதுமுன் செக்ரோலை வாங்கிப் பார்த்து, அப்படி ஓர் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டே எழுதினார். அதனால்தான் அந்தக் கிளிமீன்களில் பலவற்றுக்குத் தகரம், வெத்திலைக்காம்பு, கிழிஞ்ச சாக்கு, மூணாம் கொண்டைஊசி வளைவு என்றெல்லாம் பெயர்.

மூன்று வருஷம் கழித்து, அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த சந்திரவல்லி ஸ்டோரில் கிடந்த நோட்டைப் புரட்டினாள். “எம்மா, இங்கன என் பழைய பேரு கெடக்கு” என்று சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாள். வேலுத்தாய் துள்ளி எழுந்தாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பாத்துமுத்துவிடம் ஓடினாள்.

“யக்கா, நான் வாய்தவறிச் சொன்னதை அந்த மனுசன் எழுதி வச்சிருக்காருக்கா. எம்புள்ள எப்பிடிக்கா இன்னும் இருக்கா?”

பாத்துமுத்து முறத்தைக் கீழே வைத்தாள். “பள்ளிக்கூடத்துப் பேரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாத்தா. ஒரு கொம்பு ஒடிஞ்சாலும் இன்னொரு கொம்பு இருக்குல்ல. அந்தப் பேரை மட்டும் அந்தாளு காதுல போட்றாத. மூச்சு விடாத.”

வேலுத்தாய் மூச்சு விடவில்லை. நான்கு வருஷம் மீன் சார் முன்னால் மகளை “ஏத்தா”, “இந்தாத்தா” என்றே கூப்பிட்டாள். அந்தப் பெண்ணும் ஆத்தா என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது. அவருக்கு அதன் பெயர் தெரியவே தெரியாது. கெட்டிக்காரத்தனம் என்று அவள் நினைத்துச் செய்தது இதுதான், குடியைக் கெடுத்ததும் இதுதான்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் இறங்கிய மஞ்சு நாள் கணக்கில் விலகவே இல்லை. பாறை கொறிக்கிற சத்தம் வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே கேட்டது. வாசல்களில் மணல் கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்தது. ஒன்பதாம் நாள் வலையில், அதுவரை யாரும் பார்க்காத ஒரு மீன் விழுந்தது. மயில்கழுத்து நீலம், வாலில் பிறை போல ஒரு வெட்டு. மீன் சார் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கண்கலங்கினாராம். பிறைவால் இருந்ததால் அவருக்குத் தோன்றிய பெயர் சந்திரவல்லி. வழக்கம்போலச் செக்ரோலைப் பார்த்தார். தோட்டத்தில் அந்தப் பெயரில் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பெயர் ஆள் கணக்கில் எப்படி இருக்கும்? வேலுத்தாயைக் கேட்கலாம் என்று தேடினார். அவள் ரேஷன் கார்டில் மகளைச் சேர்க்கப் போடிக்குப் போயிருந்தாள். எழுதிவிட்டார். சந்திரவல்லி அப்போது பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாத்துமுத்து தன் வாசலில் மணலை அள்ளிக்கொண்டிருந்தவள் பார்த்தாள்: பிள்ளை நின்றது, கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவது போலத் திரும்பியது, “வர்றேன்” என்று, பை நழுவிக் கீழே விழ, மஞ்சுக்குள் போனது. பாத்துமுத்து கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட அவளிடம் பெயர் எதுவும் இல்லை.

மத்தியான ஜீப்பில் வந்து இறங்கிய வேலுத்தாய் பையைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், நேரே ஸ்டோருக்குப் போய் மீன் சாரின் சட்டையைப் பிடித்தாள். “எம்புள்ளய வரச் சொல்லுய்யா!” என்று உலுக்கினாள். அவர் எழுதியது பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயர் என்று பின்னால் வந்த பாத்துமுத்து சொன்னாள். விவரம் புரிந்ததும் அந்த மனுஷன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பதினோரு நாள் அவர் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. மஞ்சுக்குள்ளேயே நின்று அந்த நீல மீனையும் மற்றதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள், பழுப்பு மீன் ஒன்று அவர் கண்ணெதிரிலேயே, துணியில் சாயம் ஏறுவது போல, வாலிலிருந்து தலைவரை நீலமானது. இரண்டும் ஒரே மீன்தான். குப்பை வளர்ந்தால் சந்திரவல்லி. ஓடிவந்து நோட்டைத் திறந்தார். ஒரு மீனுக்கு இரண்டு பெயர். முதலில் வைத்ததுதான் நிற்கும். சிவப்பு மையால் சந்திரவல்லியை அடித்துவிட்டு, “பேர் விடுதலையாயிடுச்சும்மா, கூப்பிடுங்க!” என்று கத்தினார்.

வேலுத்தாய் மஞ்சின் விளிம்பில் நின்று கூப்பிட்டாள். பெயர் உதட்டைத் தாண்டவில்லை. அடித்த பெயரைத் திரும்ப யாருக்கும் வைக்கக் கூடாது. அதுவும் அவர் சொன்ன சட்டம்தான். மீன் சாருக்கும் அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், போடிக்கு இறங்கிப் போனார். திரும்பி வரவே இல்லை.

அவளிடம் இன்னும் ஒரு பெயர் இருந்தது. எந்த நோட்டிலும் இல்லாதது, பால் கொடுக்கும்போது காதில் மட்டும் சொன்னது. மறுநாள் காலை கொறிக்கிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றபோது, வேலுத்தாய் வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கூப்பிட்டாள். “பொன்னுமணீ!”

இந்த முறை பெயர் போயிற்று. மஞ்சு அதை வாங்கிக்கொண்டு உள்ளே உள்ளே கொண்டுபோனது கேட்டது. மீன்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை இல்லை. பதினாறு வயசு, நனைந்த கூந்தல், வேலுத்தாயின் அதே மோவாய். நெற்றியில் மஞ்சள் சுட்ட தழும்பு, உடம்போடு சேர்ந்து வளர்ந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்தது. மஞ்சுக்குள் இருக்கிற எதற்கும் அதுதானே சட்டம்: முதலில் வாங்கியவருக்கே பெயர் சொந்தம்.

“கூப்பிட்டியாம்மா?” என்றாள் அந்தப் பெண்.

வேலுத்தாய் அவள் தோளுக்கு மேலே மஞ்சைப் பார்த்தாள். பின்னால் வேறு யாரும் வரவில்லை. நாற்பது நாள் மட்டும் மடியில் இருந்த பிள்ளை, குளிரில் நடுங்கிக்கொண்டு பதிலுக்காக நின்றது. இல்லை, உன்னை இல்லை என்று எந்த வாயால் சொல்வாள்?

“ஆமாத்தா” என்றாள். “கூப்பிட்டேன். வா, வெரசா வா, சோறு ஆறுது.”

அந்த வருஷம் ரேஷன் கார்டில் பொன்னுமணி, மகள், வயது பதினாறு என்று சேர்த்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பொன்னுமணி உப்பு கொஞ்சம் கூடுதலாகத் தின்பாள், மற்றபடி குறை சொல்ல முடியாத பெண். காய் பொறுக்குவதில் அம்மாவுக்குச் சளைத்தவள் இல்லை. ஐப்பசி பிறந்தால் வேலுத்தாய் வீட்டு ஜன்னலை மட்டும் சாத்த விடுவதில்லை. மஞ்சு உள்ளே வரும். அதனுடன் பிறைவால் வைத்த நீல மீன் ஒன்றும் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பை தொங்கும் ஆணியைச் சுற்றிச் சுற்றி நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்துப் பொன்னுமணி, “என்ன மீனும்மா இது?” என்று கேட்டாள். இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த பெயர், அது மீனின் பெயர்தானே, தங்கு தடையில்லாமல் வந்தது.

“குப்பை” என்றாள் வேலுத்தாய். மீன் திரும்பிப் பார்த்தது.