உடைத்த கல்லுக்குள் நீலம்

நாற்பத்து மூன்று வயதில் கல்லூரி மாணவி ஆகிறவளுக்கு முதலில் கிடைப்பது புத்தகம் அல்ல, கேலி. லோர்னாவுக்கு அது மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கான்கிரீட் தொழிற்சாலையின் களத்தில் பதினான்கு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள் அவள். சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் பெரிய பெட்டிகள் அங்கே தயாராகும். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம், ஒவ்வொன்றும் ஆறு டன். அவற்றைத் தூக்கி அடுக்குவதும் லாரியில் ஏற்றுவதும்தான் அவள் வேலை. இந்தச் செப்டம்பரில் கம்பெனியே அவளை சிவில் என்ஜினீயரிங் படிக்கச் சேர்த்தது. நான்கு நாள் இங்கே சோதனைக்கூடத்தில் வேலை, வெள்ளிக்கிழமை நாட்டிங்ஹாமில் வகுப்பு, ஐந்து வருஷத்தில் பட்டம். முதல் ஆறு மாதம் ஆளை எடைபோடுவார்கள். சரிப்படவில்லை என்றால் படிப்பும் போச்சு, பழைய வண்டியும் கிடையாது. வண்டிச் சாவி, களத்தில் கூடவே வேலை பார்த்த கிளைவ் கைக்குப் போய்விட்டது.

"என்ன வாத்தே, புதுப் பை எல்லாம் வாங்கியாச்சா?" என்றான் கிளைவ். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் வாத்துதான், அது செல்லம். "சாயந்திரம் அம்மா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்களா?"

"வருவாங்க. நீ மொதல்ல என் வண்டியில கீறல் விழாம ஓட்டு."

சோதனைக்கூடம் என்றதும் கண்ணாடிக் குடுவைகளை எல்லாம் கற்பனை செய்திருந்தாள். அது களத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு தராசு, பீரோ அளவில் பச்சை வண்ணம் பூசிய ஒரு எந்திரம், அவ்வளவுதான். அதற்கு அதிபதி டோம். இருபத்தாறு வயது, நல்ல பையன், பேச்சுக்குப் பேச்சு "பரவாயில்ல" என்பான்.

முதல் நாள் அவன் ஒரு கியூபை உடைத்துக் காட்டினான். உள்ளங்கையில் அடங்கும் கான்கிரீட் கட்டி. எந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அதை வைத்துக் கதவைச் சாத்தினான். எண் ஏறியது. பத்து டன். இருபது. முப்பது. கட்டி சும்மா இருந்தது. ஐந்து பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவள் அடுக்கியதே இல்லை, விடமாட்டார்கள். இங்கே ஒரு கைக்கட்டி அந்தப் பாரத்தையும் தாண்டிச் சுமந்துகொண்டு நின்றது. நாற்பத்து மூன்றில் டப்பென்று ஒரு சத்தம். டோம் கதவைத் திறந்தான். நான்கு பக்கமும் உதிர்ந்துபோய், நடுவில் இடுப்பு சிறுத்த ஒரு உடுக்கை நின்றது.

"ஒழுங்கா செஞ்ச கியூப் இப்படித்தான் உடையும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் இது இருக்கு" என்றான் டோம்.

அவள் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பதினான்கு வருஷமாக இதைத்தானே தூக்கிப்போட்டு விளையாடினோம், இது இன்னதென்று தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது.

மறுநாள் அவளே ஆறு கியூப் செய்தாள். அன்று வார்க்கும் பன்னிரண்டு பெட்டிகளுக்கான கலவையிலிருந்து ஒரு வாளி எடுத்து, அச்சில் கொட்டி, கம்பியால் குத்தி, மறுபடி கொட்டி, மறுபடி குத்தினாள். காற்றுக் குமிழ் ஒன்றுகூடத் தங்கக்கூடாது என்று எண்ணி எண்ணிக் குத்தினாள். ஏழாம் நாள் இரண்டை உடைப்பார்கள். நாற்பது டன் தாங்கினால் பன்னிரண்டு பெட்டிகளும் லாரி ஏறும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடச் சாலைக்கு அடியில் புதைப்பதற்கான பெட்டிகள் அவை.

ஏழாம் நாள் முதல் கியூப் இருபத்தாறில் உடைந்தது. இரண்டாவது இருபத்தேழில்.

லோர்னாவுக்கு முகம் வெளிறியது. டோம் சிரித்தான். "பரவாயில்ல, லோர்னா. மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தான். குத்துனது பத்தல, உள்ள காத்து நின்னுருக்கும். நேத்து நான் ஒடச்சது, உங்களோடதுக்கு முந்துன நாள் வார்த்தது, நாப்பத்திரண்டு வந்துச்சு. அதே கலவைதான். உங்க கணக்க அடிச்சுட்டுப் பெட்டிய அனுப்பிடலாம். உங்கமேல ஒண்ணும் வராது."

பேனாவை எடுத்து, பதிவேட்டில் அவள் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் அடித்துக் கோடு இழுத்தான். எவ்வளவு பெரிய மனசு! தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவளும் தலையாட்டத்தான் போனாள். ஆனால் எந்திரத்தின் பக்கத்தில் இரண்டு உடுக்கைகள் நின்றன. இடுப்பு பிசகாத உடுக்கைகள்.

"டோம், எடை பாத்தோமே. ரெண்டாயிரத்து நானூறு கிராம், முழு எடை. காத்து இருந்தா எடை கொறையணும் இல்ல?"

"தராசு சில நேரம் மக்கர் பண்ணும்."

அவள் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே சாம்பல், உள்ளே நீலம். பச்சை கலந்த ஒரு நீலம், கல்லுக்குள் ஆழ்கடலைப் பூட்டி வைத்தாற்போல. இந்த நீலத்தை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

"டோம், இது சிமென்ட் மட்டும் போட்ட கலவை இல்ல. இதுல உலைக் கசடுப் பொடி இருக்கு."

இரும்பு உலையின் கசடை அரைத்த அந்த வெள்ளைப் பொடியைச் சாக்கடைக் குழாய்களுக்கு மட்டுமே அங்கே கலப்பார்கள். அது மெதுவாக இறுகும். குழாய்கள் மாதக் கணக்கில் களத்தில் கிடப்பதால் பாதகமில்லை. பெட்டிகள் ஒரே வாரத்தில் லாரி ஏறவேண்டும், அதனால் அவற்றுக்குச் சிமென்ட் மட்டும்தான்.

"பெட்டிக் கலவையில அது எப்படி வரும்?" என்றான் டோம். பொறுமை இன்னும் தீரவில்லை. "எண்ணெய்க் கறையா இருக்கும். விடுங்க."

வெளியே லாரியின் இன்ஜின் உறுமியது. கிளைவ் முதல் பெட்டியைத் தூக்கிவிட்டான்.

லோர்னா ஓடினாள். தன் எடைக்கும் வயதுக்கும் மீறிய ஓட்டம் அது. வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு? ஆறு டன்னு கைல இருக்கு!" என்று கத்தினான் கிளைவ்.

"எறக்கு. இது போகக்கூடாது."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

கிளைவ் வாய்விட்டுச் சிரித்தான். "படிக்கப்போய் ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள உத்தரவா!" சத்தம் கேட்டு, தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஹிலரி அலுவலகத்திலிருந்து வந்தாள். லோர்னாவை இந்தப் படிப்புக்கு எடுத்தே தீரவேண்டும் என்று மேலிடத்தில் மல்லுக்கு நின்றவள் அவள். டோம் பின்னாலேயே வந்து நடந்ததைச் சொன்னான். லோர்னாவுக்குச் சாதகமாகத்தான் சொன்னான், பாவம்.

"லோர்னா, தப்பு பண்ணுறது தப்பில்ல" என்றாள் ஹிலரி. "அங்க கிரேன் காத்துட்டு நிக்குது. நீங்க சொல்றது நெஜம்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

லோர்னா கிளைவைப் பார்த்தாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு குழாய வண்டியோட தூக்குற முள்ளால இடிச்சு ஒடச்சேன். உள்ள இதே நீலம். பயந்துபோய் அள்ளிக் குப்பையில கொட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் கலவை போடுறவர்கிட்ட பட்டும் படாம கேட்டுப் பாத்தேன். கசடுப் பொடி போட்டா உள்ள அப்படித்தான் இருக்கும்னாரு."

கிளைவ் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "அந்தக் குழாயா? அது நீதானா? நான்தான் ஒடச்சேன்னு எனக்கு எழுத்துல எச்சரிக்கை குடுத்தாங்கடி அதுக்கு!"

"தெரியும். மன்னிச்சிரு."

ஹிலரி சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தாள். சிரிப்பு அடங்கியதும் பெட்டியைப் பார்த்தாள், லோர்னாவின் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பெண் தன் பழைய குட்டை தானே இப்படி நடுக் களத்தில் போட்டு உடைப்பாள்? "டோம், பெட்டியிலேயே துளை போட்டு ஒரு துண்டு எடு. கியூப விடு. பெட்டியையே கேப்போம்."

துளையிட்டு எடுக்க ஒரு மணி நேரமும், முனைகளைச் சீவி எந்திரத்தில் வைக்க இன்னொரு மணி நேரமும் ஆனது. கிளைவும் பெட்டியை இறக்கி, வண்டியை அணைத்துவிட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கோபம் தீரவில்லை, ஆனால் போகவும் மனசில்லை. எண் ஏறியது. லோர்னா எண்ணைப் பார்க்கவில்லை. தான் தவறாக இருந்தால் இன்றோடு எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். தான் சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

நாற்பதை எட்டும் முன்பே டப்பென்று உடைந்தது. டோம் கதவைத் திறந்தான், ஆனால் உள்ளே கை வைக்கவில்லை. உடைந்த முகம் முழுக்க நீலம்.

டோம் பதிவேட்டைத் திறந்து, தான் இழுத்த கோட்டின் பக்கத்தில் "கியூப் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஹிலரி தொலைபேசியை எடுத்தாள். பெட்டி வார்த்த அன்று காலையில் கசடுப் பொடி கொண்டுவந்த டேங்கர் ஓட்டுநர், டேங்கரின் குழாயைத் தப்பாகச் சிமென்ட் சேமிக்கும் சைலோவில் மாட்டி, ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மாற்றி மாட்டியிருக்கிறார். மூன்றாவது கேள்வியிலேயே ஒப்புக்கொண்டார்.

"ஒடச்சுப் போட்டுடலாமா பன்னெண்டையும்?" என்று ஹிலரி கேட்டாள். கேட்டது டோமை அல்ல.

"வேண்டாம்" என்றாள் லோர்னா. "குழாயெல்லாம் இறுகுதே, இதுவும் இறுகும். இது மெதுவா ஏறுது, அவ்வளவுதான். எத்தன நாள்னு எனக்குத் தெரியாது. வாராவாரம் சோதிச்சுப் பாக்கலாம். நாப்பது வந்தப்புறம் போகட்டும்."

ஹிலரி தலையசைத்தாள். பெட்டிகளை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் சீட்டு ஒன்றை எடுத்து, நிறுத்தியவர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்து லோர்னா பக்கம் நகர்த்தினாள். லோர்னா எழுதினாள்.

களத்துக்கு வந்தபோது கிளைவ் வண்டியில் ஏறியிருந்தான். இறக்கிய பெட்டி மறுபடி முள்ளின் மேல் ஏறியிருந்தது. அவள் தலைக்கு மேல் ஆறு டன், அதற்குள் யாருக்கும் தெரியாமல் அந்த நீலம்.

"குழாய் கணக்கு இன்னும் தீரல, சொல்லிட்டேன்" என்றான். பிறகு எரிச்சலோடு கன்னத்தைச் சொறிந்தான். "சரி வாத்தே, எங்க வைக்கட்டும்?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள்தான். கையை நீட்டி வேலியோரத்தைக் காட்டினாள். வண்டி திரும்பியது. ஆறு டன் கல் அவள் விரல் காட்டிய இடத்துக்கு மெல்ல நகர்ந்து போவதை, அந்த விரலை மடக்கக்கூட மறந்து அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.