எஃப் எட்டு

சுக்கு குடோன் பெல்ட்டில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போனபின் என்னை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். மட்டாஞ்சேரிக்கு வரும் சரக்குக்குத் தரச்சீட்டு போடும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது சீட்டு. இடது கையால் மட்டும் அடித்தால் இருபதுகூடத் தேறாது. அதனால் கீபோர்டில் எஃப் எட்டை அழுத்தினால் ஒரு மெனு வரும்படி செய்துகொண்டேன். ‘ஏற்பு’, ‘திருப்பு’ என்று ஒன்றைத் தொட்டால் ஏழு கட்டங்களும் ஒவ்வொன்றாக நிரம்பும். கட்டத்துக்குக் கட்டம் அதுவே என்டர் தட்டும்.

இன்று காலை வேறொரு சரக்குக்கு, திரையில் சீட்டுதான் முன்னால் நிற்கிறது என்று நினைத்து அழுத்தி ‘திருப்பு’ கொடுத்தேன். நின்றது வாட்ஸ்அப். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஆலுவா ராஜன் சேட்டனுக்கு ஏழு செய்திகள் போயின. கடைசியானது, ‘ஈரம் கூடுதல், சரக்கு திருப்பு’. பக்கத்தில் தேவரா வரை வந்துவிட்ட லாரியை அவர் திருப்பிவிட்டார்.

மேனேஜர் ஓமனா சேச்சி அவரைப் போனில் சமாதானப்படுத்தி லாரியை மறுபடி வரவைத்தார். பிறகு என்னிடம் வந்து, இனி இந்த வித்தை வேண்டாம், எல்லோரையும் போலக் கையால் அடி, முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்றார். அதைச் சொல்லும்போது என் கையைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கேட்டேன். சேச்சி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.

சீட்டு புரோகிராம் முன்னால் இருந்தால் மட்டும் மெனு வர வேண்டும் என்று எழுதினேன். சேச்சி வந்து வாட்ஸ்அப்பில் தன் நம்பரையே திறந்துவைத்து எஃப் எட்டை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. சீட்டுக்குப் போய் அழுத்தினார். மெனு வந்தது. ‘திருப்பு’ கொடுத்தார். மூன்று கட்டம் நிரம்பியதுமே மௌஸால் வாட்ஸ்அப்பைத் தொட்டார். மேஜையில் இருந்த அவர் போன் நான்கு முறை அதிர்ந்தது.

“லோட் வரும்போ நாலு பேர் போன்ல விளிக்கும் துரை. நீ இடையில அங்கேயும் இங்கேயும் போகாம இருப்பியா?”

எழுதியதை மறுபடி வரிவரியாகப் படித்தேன். மெனு வரும்போது மட்டும் திரையில் எது முன்னால் என்று கேட்கவைத்திருக்கிறேன். கட்டங்கள் நிரம்பும் வழியில் ஒருமுறைகூடக் கேட்கவைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அதே கேள்வியை வைத்தேன். சீட்டு இல்லையென்றால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

சேச்சி மறுபடி அழுத்தினார். மறுபடி நடுவில் வாட்ஸ்அப்புக்குத் தாவினார். போன் அசையவில்லை. இன்னும் இரண்டு தடவை, வேறு வேறு கட்டத்தில். அசையவில்லை.

“அந்த லாரி வந்நா முதல் சீட்டு இதிலேயே போடு,” என்றார். “நான் பக்கத்துல இருக்கேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.