பதினோரு ‘ஆம்’

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் காலை ஆறு மணியிலிருந்து அசையவில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. ஞானதுரை தன் வண்டியின் பின் சக்கர நிழலில் பழைய பிளக்ஸ் துணியை விரித்து உட்கார்ந்திருந்தான். மதியம் ஒன்றரை. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. கருங்கல் குவியலுக்கு அப்பால் கடல் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் போனில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டின் பெயர் அலைவேட்டை. வலை போட்டால் மீன், மீனைக் கொடுத்தால் முத்து, முத்தை விற்றால் ரூபாய். டிரைவருக்கு டிரிப்புக்குத்தான் பேட்டா, வரிசையில் நிற்பதற்குக் கிடையாது. நிற்கிற நேரத்திலும் சம்பாதிக்கலாம் என்று ஞானதுரைதான் ஒவ்வொருவனாகச் சேர்த்துவிட்டான். அவனோடு சேர்த்துப் பதினோரு பேர்.

முத்து வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு உண்டு. விதியை மாற்றுவதென்றால் கம்பெனி அதை ஓட்டுக்கு விடும். விழுந்த ஓட்டு பிளாக்செயினில் ஏறிவிடும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது என்று ஞானதுரை வீடியோவில் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் சொல்லியிருந்தான். ஆனால் ஓட்டுப் போட ஒருவனுக்கும் பொறுமையில்லை. அந்த வரிசையில் சாப்பிடவோ ஒதுங்கவோ போகிறவன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவான். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவன் இவன் வண்டியையும் நகர்த்தி வைப்பான். அந்தப் பழக்கத்தில் பத்துப் பேரும் தங்கள் கணக்கின் ரகசியச் சொற்களை ஞானதுரையிடம் கொடுத்துவிட்டார்கள். “நீயே போட்ரு தொர.”

போன மாதம் ஓட்டுக்கு வந்த தீர்மானம் நாலு பக்க ஆங்கிலம். ஞானதுரை ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தலைப்பில் ‘கம்யூனிட்டி’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டினான். பக்கத்தில் ‘பெட்டர்’ என்று இருந்தது. மீதியை விரலால் அடிவரைக்கும் தள்ளிவிட்டு, ஒவ்வொரு கணக்காகத் திறந்து பதினோரு முறை ‘ஆம்’ அழுத்தினான். இன்னா போட்டுக்கீறாங்க என்று பத்துப் பேரில் ஒருவனான நசீர் கேட்டபோது, “ஃபுல்லா படிச்சேன் மாமு. நம்மளுக்கு நல்லதாத்தான் போட்டுக்கீறேன்” என்றான்.

சேர்த்த முத்தை இனி ஆறு மாதத்துக்கு விற்க முடியாது என்பதுதான் தீர்மானம். அமலான அன்றைக்குத்தான் அது எல்லோருக்கும் தெரிந்தது. படித்துவிட்டுப் போட்டவன் ‘இல்லை’ என்றுதான் போட்டிருப்பான் என்று பத்துப் பேரும் நினைத்துக்கொண்டார்கள். பதினோரு பேரில் மூத்தவரான மதார் சாகிப்புக்கு இடது கண்ணில் புரை. லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த வாரம் கண் பரிசோதனை. அதற்கு முன் ஆபரேஷன் செய்துகொள்ள ஒரு வருடமாக முத்து சேர்த்து வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அலி அக்பர் வண்டிகளுக்கு நடுவே வேகமாக வந்தான். அந்தக் கூட்டத்திலேயே இளையவன். யார் யார் ஆம் போட்டார்கள் என்று பெயரை வெளியிடச் சொல்லி விளையாட்டுக் குழுவில் சண்டை பிடித்து இரண்டாயிரம் பேரிடம் சம்மதம் வாங்கியவன் அவன்தான். ஞானதுரையும் சம்மதம் கொடுத்திருந்தான். கொடுக்காமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

“லிஸ்ட்டு உட்டுட்டான்பா! எந்தக் கஸ்மாலம் ஆம் போட்டதுன்னு இப்ப தெரிஞ்சிரும்.”

“அப்பால பாக்கலாம்டா” என்றான் ஞானதுரை. “லைன் நவுர்ற மாதிரி கீது.”

“எங்க நவுருது? முன்னால கீறவன் அடுப்பு பத்தவச்சி சோறு பொங்கிகினு கீறான்.”

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சுற்றி உட்கார்ந்தார்கள். நசீர் விளையாட்டாகத் தன் பெயரைத் தட்டிப் பார்த்தான்.

“இன்னாடா இது, என் பேருக்கு நேரா ஆம்னு கீது?”

“எனுக்கும் ஆம். பாய்க்கும் ஆம்.”

“மிசின் தப்பா காட்டுதுபா.”

“தப்பு வராது மாமு” என்றான் அலி அக்பர். “தொர அண்ணந்தான சொன்னாரு, யாராலயும் அழிக்க முடியாதுன்னு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் ஞானதுரையைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

“தொர,” என்றார் மதார் சாகிப், “நீ படிச்சேன்னு சொன்னியே?”

“படிச்சேன் பாய்.”

அலி அக்பர் அந்த நாலு பக்கத்தைத் திறந்து போனை நீட்டினான். “இன்னா போட்டுக்குதுன்னு படிச்சிக் காட்டுண்ணே.”

ஞானதுரை வாங்கிக்கொண்டான். உதடு அசைந்தது. முதல் வரியின் மூன்றாவது சொல்லில் நின்றான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து திரையில் சொட்டியது. சட்டையில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

“எனுக்கு இங்கிலீஸ் வராது பாய்.”

“எனுக்குந்தான் வராது” என்றார் மதார் சாகிப். “வராதுன்னு சொல்லிக்கீறதுக்கு இன்னாப்பா? நசீரு பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அத்தாண்ட குட்த்து படிக்கச் சொல்லிருக்கலாம்ல?”

அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது ஞானதுரைக்கு. நசீர் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கிவிட்டுக் கடல் பக்கம் துப்பினான்.

“பேஜார உடு” என்றான் அலி அக்பர். “பூட்டை எடுக்கணும்னு மறு ஓட்டு வாங்கிக்கீறோம். இன்னிக்கு மூணு மணியோட முடியுது. இந்த வாட்டி அவனவன் கையால அவனவன் போடு.”

ஒவ்வொருவரும் தங்கள் போனைத் திறந்தார்கள். மதார் சாகிப் போனை வலது கண்ணுக்குக் கிட்டே பிடித்து, “ஆம் எது நைனா, மேலயா கீழயா?” என்று கேட்டு அழுத்தினார். ஞானதுரையைப் போடு என்றும் யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் கடைசியாகப் போட்டான்.

மூன்று மணிக்கு முடிவு வந்தது. நம்பர் ஞானதுரைக்குப் படிக்கத் தெரியும். ஆம் போட்டவர்கள் இரண்டாயிரத்து நாற்பது பேர். இல்லை போட்டது ஒரே ஒரு கணக்கு. அதற்குப் பெயர் கிடையாது, நீளமாக எழுத்தும் எண்ணும்தான். ஆளுக்கு ஒன்றல்ல, முத்துக்கு ஒரு ஓட்டு என்பதால் மொத்த ஓட்டில் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இருந்தது; பூட்டு அப்படியே நின்றது. போன மாத லிஸ்ட்டிலும் முதல் வரி அதுதான், அன்றைக்கு ‘ஆம்’ என்று. அன்றைக்கு இந்தப் பதினோரு ‘ஆம்’ இல்லாமலும் தீர்மானம் ஜெயித்திருக்கும். ஞானதுரைக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்படி ஆனதை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“நம்ம ஓட்டு உழுந்துச்சா?” என்றார் மதார் சாகிப்.

“உழுந்துச்சு பாய்.”

“எங்க கீது, காட்டு.”

அலி அக்பர் முடிவைக் காட்டும் வண்ணப் பட்டையை இரண்டு விரலால் பெரிதாக்கினான். இல்லைக்குச் சிவப்பு, ஆமுக்குப் பச்சை. இன்னும் பெரிதாக்கினான். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பச்சையைத் தேடி அவன் விரல் வலது ஓரம்வரை தள்ளிக்கொண்டே போனது.